பின் சீட்டில் ஒரு பலாப்பழம்

போன வாரம் கொல்லிமலையில் ஒரு பலாப்பழத்தைப் பின்தொடர்ந்து போனேன்.

விளக்கிவிடுகிறேன்...

அந்த மலையில் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் மிளகு விவசாயம் பார்க்கும் பாப்பாத்தியம்மா எனக்கு நெடுநாள் பழக்கம். மகள் மல்லிகாவுக்குப் பதினெட்டு முடிந்து, கையில் புது லைசென்ஸ். அடிவாரத்து டவுனில் காலேஜ் கிடைத்துவிட்டது. ஆனால் காலை பஸ் போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பே முடிந்துவிடும். சொந்த வண்டி வேண்டும், இல்லையென்றால் ஹாஸ்டல்தான்.

ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் கேட்டேன். எப்படி இருக்கிறது?

“ஜன்னலத் தொறந்தா செவுருதானுங்க சார் தெரியுது. மேகம் உள்ள வராத ரூம்ல எப்படீங்க தூங்கறது?”

டவுனில் பழைய வண்டி விற்கும் பாய், மலைக்காரர்களுக்கு ஒரு சலுகை தருவார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசலாம். அப்படி அனுப்பிய இரண்டு ஸ்கூட்டர்கள் வாசலில் நின்றன. ஒன்று கியர் இல்லாத சிவப்பு. இன்னொன்று கியர் வைத்த, சாம்பல் நிறப் பழசு.

மல்லிகா சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாம்பலைக் காட்டியதற்கு, “இதுல போனா, பால் லிட்டரு என்ன வெலைன்னு கேப்பாங்க” என்றாள்.

என் ஓட்டும் சிவப்புக்கே. டவுனில் பெண் பிள்ளைகள் எல்லோரும் அதில்தானே போகிறார்கள்?

பாப்பாத்தியம்மா உள்ளே போய் ஒரு பழுத்த பலாப்பழத்தோடு வந்தார். அதைச் சிவப்பு வண்டியின் பின் சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

“எதுக்குங்க இது?”

“மொளகு மூட்டயோட நான் உக்காரப்போற எடமுங்க சார். மொதல்ல இது போயிட்டு வரட்டும்.”

மல்லிகா முன்னால், என் பைக் பின்னால். மலைப்பாதை முழுக்கப் பனி. வளைவுக்கு வளைவு அவளுடைய பிரேக் விளக்கு எரிந்தது... அணைந்தது... எரிந்தது. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் பலாப்பழ வாசனை மட்டும் திருப்பத்தில் தங்கி நின்றது. சாலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெண்மையில், மூக்கை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அந்த வாசனையில் இன்னொன்று கலந்தது. கருகல்.

மல்லிகா ஓரமாக நிறுத்தியிருந்தாள். “நிக்கவே மாட்டேங்குதுங்க சார். பிரேக்கப் புடிச்சே வர வேண்டியிருக்குது. புடிக்கிறப்பல்லாம் இது வந்து முதுவுல குத்துது.”

பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்து, மேலே திரும்பினோம். பாப்பாத்தியம்மா பழத்தைப் பார்க்கவில்லை. மகளின் முதுகைப் பார்த்தார். சட்டையில் வரிசையாக முள் தடம்.

“வளைவுக்கு வளைவு நான் இப்படித்தான் உன்ற மேல வந்து விழுவேன் கண்ணு. அப்பறம் ரெண்டு பேரும் எங்க விழுவமோ?”

மறுநாள் அதே பழம், சாம்பல் வண்டி. இரண்டாவது கியரில் போட்டாள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து இறக்கியது. ஒரே சீரான முனகல். பிரேக் விளக்கு எப்போதாவதுதான் கண் விழித்தது. பனிக்குள் பலாப்பழம் தூங்கிக்கொண்டே போனது போல இருந்தது.

அடிவாரத்தில் மல்லிகா இறங்கி, முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“பாய்கிட்ட இதையே சொல்லிருங்க சார்.” வீட்டுக்குத் திரும்பியதும், பாயிடம் போக வேண்டிய சிவப்பு வண்டியைத் துப்பட்டா நுனியால் ஒருமுறை துடைத்தாள்.

வண்டி வாங்கும்போது நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்! மைலேஜ் என்ன? எவ்வளவு வேகம் போகும்? மேடு ஏறுமா? — எப்படி இறங்கும் என்று கேட்டிருக்கிறோமா? எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து மல்லிகா பேசினாள். அம்மாவோடு முதல் முறை சந்தைக்குப் போய் வந்தாளாம்.

“அம்மா நல்லா உட்கார்ந்து வந்தாங்களா?”

“உக்காந்தாங்க சார். மேல இருந்து கீழ வரைக்கும் ‘மெதுவா சாமி, மெதுவா சாமி’ன்னு ஒரே பேச்சு... பலாப்பழமே தேவலைங்க. குத்துனாலும் பேசாம வந்துச்சு!”