ஐந்தாவது மாடியிலிருந்து குதிக்கும் உரிமை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் கோவிந்தன் முப்பத்தோரு தடவை விழுந்தார். நானே எண்ணினேன். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

விழுந்தது டி.வி.க்குள். நாலு சக்கரம் வைத்த பலகை மேல் நின்றுகொண்டு தெருவில், படிக்கட்டில், கைப்பிடிக் கம்பியில் எல்லாம் சறுக்கிப் போகிறார்களே... ஸ்கேட்போர்டு. அதன் வீடியோ கேம்.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு எதற்கு இது என்று கேட்கிறவர்கள் பத்திரிகையை இத்தோடு மடித்து வைத்துவிடலாம். எனக்குக் கோபம் இல்லை. சென்னையில் இருக்கும் மகள் புதுசு வாங்கியதும் டி.வி.யில் மாட்டி ஆடும் பழைய கன்சோலை என்னிடம் தள்ளிவிட்டாள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போளூரில் பஸ் ஏறி, மலையின் அத்தனை வளைவுக்கும் அதை அணைத்துப் பிடித்தபடி ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்தேன்.

கூடவே இரண்டு கேம். இரண்டும் ஸ்கேட்போர்டுதான். ஆனால் வேறு வேறு கிரகம்.

முதலாவது, எதார்த்தம். ஒரு சாண் உயரம் எம்பிக் குதிக்கவே அரை மணி நேரம் பழக வேண்டும். கையில் இருக்கும் கன்ட்ரோலரின் குட்டிக் குச்சியைக் கீழே இழுத்து, சரியான நொடியில் விட வேண்டும். நொடி பிசகினால் தரை.

இரண்டாவது, அடாவடி. கட்டட உச்சியிலிருந்து பாயலாம். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அத்தனை சுற்று காற்றில் சுற்றலாம். விழுந்தால் ஒரு மின்னல் — திரையில் இருக்கும் பையன் மறுபடி எழுந்து நிற்கிறான்.

இன்டர்நெட்டில் இந்த இரண்டு கட்சிக்கும் ஓயாத சண்டை. முதல் கட்சிக்கு இரண்டாவது கட்சி என்றால் இளக்காரம். குழந்தைகள் ஆட்டமாம். நான் இரண்டாவது கட்சி. வெட்கமே இல்லாமல் சொல்கிறேன்.

எழுத்திலும் எனக்கு இதே வழக்குதான். “கொஞ்சம் எதார்த்தமா எழுதுங்க சார்” என்று முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வரியில் ஒரு பாறை எழுந்து ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், பாறை எப்படி நடக்கும் என்கிறார்கள். நடக்காது என்று எனக்குத் தெரியாதா?

சரி, கோவிந்தனுக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர். நாற்பது வயது. புளியமரம் ஏறி உலுக்குவதில் எங்கள் பக்கத்தில் பேர் பெற்றவர். போன வருடம் கிளை முறிந்து விழுந்தார். இடுப்பில் பிளேட். இப்போது நடை தேறிவிட்டது. இந்த மாசியில் மரமெல்லாம் காய்த்துத் தொங்குகிறது. புதன்கிழமை உலுக்குவதாக முடிவு.

ஏறுவாரா? ஊரே கேட்டது. அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மரம் ஏறப் பயப்படுகிற ஆம்பளை என்று இங்கே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால், அது பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும்.

அவரை என் வீட்டுக்கு இழுத்து வந்தவர் பெருமாள். கோவிந்தன் மனைவியின் அண்ணன். நான் முதல் கேம் ஆடி விழுந்துகொண்டிருந்ததை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். உடனே ஒரு வைத்தியம் தோன்றிவிட்டது.

“வுழுந்து வுழுந்து எழுந்தாதான் சார் பயம் தெளியும். மாப்ள இதுல ஒரு நூறு வாட்டி வுழட்டும். அப்புறம் மரம் இன்னா மரம்?”

போட்டேன். கோவிந்தன் விழுந்தார். விழுந்தார். விழுந்துகொண்டே இருந்தார்.

ஏன் என்று பத்தாவது தடவையில்தான் எனக்குப் புரிந்தது. மரம் ஏறுகிறவன் கை, ஆட்டம் கண்டால் இறுகும். கிளை முனகினால் பிடி. காற்று அடித்தால் பிடி. சின்ன வயதிலிருந்து அந்தக் கைக்கு வேறு பாடம் கிடையாது. இங்கேயோ, விட்டால்தான் பலகை எம்பும். விடுங்க விடுங்க என்று நான் கத்துகிறேன். விட்டவன் செத்தான் என்று பழகிய கை எப்படி விடும்?

அதைவிட இன்னொன்றைப் பார்த்தேன். திரையில் பையன் விழும்போதெல்லாம் கோவிந்தனின் இடது கை கன்ட்ரோலரிலிருந்து விலகி இடுப்புக்குப் போய்விட்டு வந்தது.

போதும் என்று கேமை மாற்றினேன்.

அடாவடி ஆட்டத்தில் இறுகப் பிடிப்பதுதான் வித்தை. கோவிந்தன் பட்டனைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். பையன் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியை விட்டுக் கிளம்பி, தெருவைத் தாண்டி, சுற்றி... சுற்றி... ஒரு பஸ் மேல் விழுந்து, உருண்டு, எழுந்து நின்றான். கோவிந்தன் சிரித்தார். ஒரு வருடமாக அந்தச் சத்தம் எங்கள் நடுச்சுவரைத் தாண்டி வந்ததில்லை.

பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. இது ஏமாத்து வேலை, முன்னதையே போடுங்க என்றார். நான் போடவில்லை.

“அஞ்சாவது மாடிலேர்ந்து வுழுந்துட்டு எவன் மாப்ள எழுந்து நிப்பான்?”

கோவிந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எவனும் நிக்க மாட்டான் மச்சான். வுழுந்தவன் நானு, எனுக்குத் தெரியாதா? அதான் இதுல மட்டும் குதிக்கிறேன். மரம் ஏற மாட்டேன்.”

“இந்த வருசமா?”

“எந்த வருசமும்.”

பெருமாளின் குரல் இறங்கிவிட்டது.

“ஊர்ல இன்னா சொல்வாங்க?”

“பயந்துட்டான்னு சொல்வாங்க. பயந்துட்டேன்தானே?”

இப்போது என் கட்சியின் சார்பாக ஒரு கேள்வி. முதல் கேமில் மட்டும் யாருக்கு இடுப்பு உடைந்தது? முப்பத்தோரு தடவை விழுந்தும் ஒரு பிளேட் வைக்க வேண்டியிருக்கவில்லையே! அதற்குப் பெயர் எதார்த்தமாம். ஐயா, இரண்டும் பொய்தான். ஒன்று அதை ஒப்புக்கொள்கிறது... அவ்வளவுதான் வித்தியாசம். பறக்க ஆசைப்படுகிறவனுக்குத் தரையின் கடினம் தெரியாது என்று யார் சொன்னது? தரை எப்படி இருக்கும் என்று எலும்பால் தெரிந்துகொண்டவனுக்குத்தான் அப்படி ஓர் ஆகாசம் தேவைப்படுகிறது.

புதன்கிழமை பெருமாளே மரம் ஏறினார். கோவிந்தன் கீழே, பழம் பொறுக்கும் பெண்களோடு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். அதில் ஒரு பெண், சும்மா இருக்காமல், “இன்னாண்ணா, எங்க வேலைக்கு வந்துட்ட?” என்று கேட்டாள்.

“மேல எடம் இல்லம்மா. மச்சான் நிக்கிறாரு.”

பெண்கள் சிரித்தார்கள். மேலே கிளையிலிருந்தவர் சிரிக்கவில்லை. பிடித்துக்கொள்வதிலேயே குறியாக இருந்தார்.

பட்டப்பெயர் மதியத்துக்குள் வந்துவிட்டது. ‘தரைக் கோவிந்தன்’. யாரோ தோப்பின் அந்தக் கோடியிலிருந்து அதைச் சொல்லிக் கூப்பிட, கோவிந்தன் தலையை நிமிர்த்தி, “இன்னா?” என்றார்.

பயப்படாதே என்று புத்தி சொல்ல வருகிறவர்கள், முதலில் மரத்தடியில், விழுகிறவனைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் விரித்து நிற்கட்டும்... அப்புறம் பேசலாம்.