கோபத்தோடு குனிந்த தலை

எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணித்தான் அனுப்புவோம். அப்போதெல்லாம் பட்டுச்சேலை விற்க மாதாமாதம் சென்னை போய்வந்த என் கணவர், கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னோடு சண்டை போட்டுவிட்டு விருட்டென்று கிளம்பிவிட்டார். நானும் வீம்பாக அடுப்படியிலேயே நின்றேன். பிறகு, ஜெபம் பண்ணாமல் அனுப்பிவிட்டோமே என்று பயம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர் குரல். ஆரணி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியிருந்தார்.

"கோவம் அப்படியேதான் இருக்குது. ஆனா ஜெபம் பண்ணாம பஸ் ஏற மனசு வரல. ஜல்தியா பண்ணு" என்று தலையைக் குனிந்தார்.

கைவைத்தேன். ஜெபத்துக்குப் பதில் அழுகைதான் வந்தது. அவரே "ஆமென்" என்று முடித்துவிட்டு, "அழாத, வந்துடறேன்" என்றார்.

இப்போது வயதாகிவிட்டது; அவர் பால் வாங்க மட்டும்தான் வெளியே போகிறார். சண்டை போட்ட நாட்களில் நானே முந்திக்கொண்டு வாசலில் நிற்கிறேன். முறைத்துக்கொண்டே, பால் தூக்கோடு தலையைக் குனிகிறார்.