மெத்தைக் கணக்கில் ஒரு பெரிய வண்டி

மெத்தைக்காரர் வண்டி வாங்கக் கனவு கண்டால் சின்ன வண்டியாகவா காண்பார்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பஞ்சு மூட்டையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவியவர். இன்று சொந்தக் கடை, இரண்டு மிஷின், அந்தத் தெருவில் வேறு எவனுக்கும் இல்லாத நீளத்தில் போர்டு. யாரிடமும் போய் ஒன்று கேட்டு நின்றவர் இல்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு மெத்தை விற்றவரும் இல்லை.

ஆனால் வண்டி அவருக்காக அல்ல. மனைவியின் அக்கா மலைமேல் இருக்கிறாள். கீழே இறங்கி வர முடியாத உடம்பு. மனைவிக்கோ முதுகு வலி. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் ஒரு வாரம் படுக்கைதான். "கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போடி" என்று அக்கா போனில் அழுததை இவரும் கேட்டார். அன்று முதல், கடைக்குள் மிதக்கும் பஞ்சுத் தூசியெல்லாம் அவர் கண்ணுக்கு மலைமேகமாகவே தெரிந்தது. அந்த வெண்மைக்குள் உயரமான வண்டியொன்று சத்தமே இல்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

பல் டாக்டர் ஒருவர் தன்னுடைய பழைய எஸ்யூவியை விற்கிறார் என்று சேதி வந்தது. புது மிஷினுக்கென்று ஒதுக்கிய பணம் விலைக்குச் சரியாக இருக்கும். மனைவி விடவில்லை. அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் மெத்தைக் கணக்குதான்.

"நாலு டயர் மாத்தணும்னா ஆறு டபுள் மெத்தை. கிளட்ச் போச்சுன்னா இன்னொரு நாலு. இன்சூரன்ஸ் மூணு. டீசலுக்கு மாசம் ரெண்டு, தலைகாணி தனி. நாம மனுசங்களுக்குத் தைக்கிறோமா, வண்டிக்குத் தைக்கிறோமாங்க?"

"எல்லாம் ஒரே நாள்லயா போகும்?"

"பழைய வண்டிங்க. உங்களையும் என்னையும் மாதிரி, ஒண்ணு போனா ஒண்ணு போகும். பேசாம வாடகை வண்டியில போயிடலாம்."

"எவனோ ஓட்டுவான். மலை ரோட்டுல பறப்பான். உன் முதுகுக்கு அவனா பதில் சொல்லுவான்?"

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

டாக்டர் வீட்டு ஷெட்டில் வண்டி நின்றது. மெத்தைக்காரர் இன்ஜினைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடினார். உடனே மேகம், வளைவு, ஈர மரங்கள், பக்கத்தில் வலியில்லாமல் சாய்ந்திருக்கும் மனைவி. ஆனால் உள்ளங்கை மட்டும் கனவு காணவில்லை. அது சீட்டை அழுத்தியது; உள்ளே ஏதோ நொறுங்கியது. தையலைப் பிரித்துப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் வாங்காத கை, பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த பிளேடை எடுத்து ஒரு சாண் கிழித்தே விட்டது. ஸ்பாஞ்ச் மாவாகக் கொட்டியது.

"யோவ், என்னய்யா பண்றீங்க!" என்று டாக்டர் ஓடிவந்தார்.

"பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி நீங்க வாயைத் திறந்து பார்க்கறதில்லையா டாக்டர்?"

"நான் கேட்டுட்டுத்தான் திறப்பேன்!"

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். மெத்தைக்காரருக்கு உள்ளுக்குள் வெட்கம். வெளியே காட்டினால் அவர் மெத்தைக்காரரே இல்லை. "என் கை கிழிச்சதை என் கையே தைக்கும். இந்த ஊர்லயே இப்படி ஒரு சீட்டு இருக்காது, பார்த்துக்குங்க" என்று சவால் விட்டார்.

மறுநாள் நார், பஞ்சு, புது ஸ்பாஞ்ச் எல்லாம் கொண்டு வந்து ஷெட்டிலேயே உட்கார்ந்தார். மனைவி ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, அவள் முதுகை நினைத்து நினைத்தே அடைத்தார். எங்கே குழிய வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? சாயங்காலம் டாக்டர் வந்து உட்கார்ந்தார். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்த இடுப்பு அது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க. வண்டியை நான் விக்கிறதா இல்லை."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்க சாமர்த்தியத்தாலயே உங்களுக்கு வேட்டு வெச்சுக்கிட்டீங்க!"

சிரித்த முகம் சட்டென்று வாடியதை அவர் பார்த்தார். மலை மறுபடியும் தூரமாகிவிட்டது.

"கூலி எவ்வளவு?" என்றார் டாக்டர்.

யாரையும் எதுவும் கேட்டுப் பழகாத வாய் ஒட்டிக்கொண்டது. "கூலி வேண்டாம் டாக்டர். ரெண்டு நாளைக்கு... வண்டி தர்றீங்களா? நானே ஓட்டுவேன். இவ அக்காவைப் பார்க்கணும்."

டாக்டர் சாவியை எடுத்து மெத்தைக்காரர் மனைவியின் கையில் கொடுத்தார்.

மலைப்பாதையில் வண்டி நடப்பது போலத்தான் மெதுவாகப் போனது. மேகம் கண்ணாடியைத் தடவிவிட்டு நகர்ந்தது. பின்சீட்டில் அவள் தூங்கிப்போயிருந்தாள். பல வருஷத்தில் அப்படியொரு தூக்கத்தை அவர் பார்த்ததில்லை. வளைவுகள் தீரவே வேண்டாம் என்றிருந்தது.

அக்கா வாசலைப் பிடித்தபடி நின்றாள். தங்கை யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

"வண்டி நம்மளதா மாப்பிள்ளை?"

மெத்தைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சீட்டு நம்மளது. மிச்சம் டாக்டரோடது" என்றார்.

யார் அதைக் காதில் வாங்கினார்கள்? அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் அணைத்தபடி அதற்குள் உள்ளே போயிருந்தார்கள்.