இரண்டு பள்ளியும் ஒரு மாடியும்

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இருந்தது. இலங்கையில் போர் முடிந்த 2009இல் அது இரண்டாக உடைந்தது. அந்த வருடம் பள்ளியின் ஆண்டு விழாவை நடத்துவதா விடுவதா என்பதுதான் சண்டை. துக்க வீட்டில் மேடை எதற்கு என்றார்கள் பாதிப் பேர். பிள்ளைகளிடமிருந்து அதையும் பறிக்கக்கூடாது என்றோம் மீதிப் பேர். விழா நடந்தது. அடுத்த சனிக்கிழமை பாதி வகுப்பு வரவில்லை. கொஞ்ச நாளில் அதே கட்டடத்தின் கீழ்மாடியில் இன்னொரு தமிழ்ப் பள்ளி தொடங்கியது. மேல்மாடியை நான் நடத்தினேன். கீழ்மாடியை நடத்தியவர், அதுவரை நான் அக்கா என்று கூப்பிட்டு வந்த தோழி.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தோம். படுக்கையில் இருப்பவரை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும், பேசாமல் முடியாது. ஆகவே ஜெர்மனில் பேசிக்கொண்டோம். காலைப் பிடியுங்கள், தலையணையைத் தாருங்கள், நன்றி. தமிழில் பேசினால் அக்கா என்று சொல்ல வேண்டி வரும். ஜெர்மனில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஜெர்மன் நன்றாக முன்னேறிவிட்டதென்று மேற்பார்வையாளர் பாராட்டினார்.

இப்படியே சில ஆண்டுகள் போயின. ஒரு செப்டம்பரில் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர் என்னை வாசலில் நிறுத்தினார். அவரை எல்லோரும் அவருடைய வேலைப் பெயரால் அப்வார்ட் என்றே அழைப்போம். தன் ஓய்வு நாளில் எங்களுக்காக வந்து கதவு திறப்பவர். மேல்மாடியில் வெப்பக் குழாய்களை மாற்றப் போகிறார்களாம். குளிர்காலம் முழுவதும் அங்கே சூடு வராது. கீழே இரண்டு பள்ளிக்கும் இடம் போதும் என்றார். இதற்கு ஒரு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டிருந்தால் வசந்தமே வந்திருக்கும். நானே முடிவெடுத்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் முதியோர் இல்லத்தின் உடை மாற்றும் அறையில் கீழ்மாடித் தோழி காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேலை இந்த விண்டருக்குச் சூடு வராதாம்."

தெரியும் என்று ஜெர்மனில் சொன்னார்.

"தமிழிலை கதையுங்கோ."

"தமிழிலை கதைச்சாச் சண்டை வரும்."

"வரட்டும். ஒருக்காப் பிடிச்சு முடிப்பம்."

ஆற்றங்கரை வழியாக ரயில் நிலையம் வரை சண்டை பிடித்தபடியே நடந்தோம்.

"என்ரை தம்பியைக் காணேல்லை எண்டு நான் அழுதுகொண்டிருக்கிறன். நீர் பிள்ளையளுக்குச் சலங்கை கட்டிவிடுறீர்," என்றார்.

"என்ரை தங்கச்சியும் முகாமுக்குள்ளைதான் கிடந்தவள். அந்தப் பிள்ளையள் ஆடினதைப் பாத்துத்தான் நான் எழும்பி வேலைக்கு வந்தனான்."

அவர் நின்றுவிட்டார். "இதை நீர் எனக்குச் சொல்லேல்லையே."

"கேக்க நீங்கள் பக்கத்திலை இல்லை."

ரயில் போனது. அடுத்ததையும் போக விட்டோம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீர் செய்தது சரியெண்டு நான் இண்டைக்கும் சொல்லமாட்டன்," என்றார்.

"சொல்ல வேண்டாம். பிழையெண்டு நானும் சொல்லமாட்டன். சனிக்கிழமை பிள்ளையளோடை கீழை வாறன்."

"ஓம், வாரும். சின்னவை என்னோடை இருக்கட்டும்."

அப்படித்தான் ஒன்றானோம். பெற்றோர் சிலர் முறைத்தார்கள். பிள்ளைகள் முதல் இடைவேளையிலேயே ஒன்றாகப் பந்தடிக்கப் போய்விட்டார்கள்.

நவம்பரில் ஒரு நாளை ஒதுக்கினோம். சம்பளமில்லாமல் படிப்பித்த ஆசிரியர்களுக்கும் அப்வார்ட்டுக்கும் நன்றி சொல்வது; அதோடு குளிருக்கு ஆயத்தம். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன குளிர் ஜக்கெட்டுகள், பனிச் சப்பாத்துகள், கையுறைகள் எல்லாவற்றையும் பெற்றோர் தோய்த்துக் கொண்டு வந்து வாங்குப் பலகைகளில் பரப்பினார்கள். எது யார் கொண்டு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அளவுதான் கேட்டார்கள். ஆண்டுக்கணக்காகப் படியில் முகம் திருப்பிய இரண்டு தாய்மார், ஒரு சிறுமியின் காலைச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அப்வார்ட்டுக்குப் போர்த்தும் பொன்னாடையில்தான் சிறு குழப்பம். யார் வாங்குவது என்று பேசிக்கொள்ளாததால் இரு தரப்பும் ஒவ்வொன்று வாங்கி வந்திருந்தார்கள். எதை முதலில் போர்த்துவது? அக்கா என்னைப் பார்த்தார். இருவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் போர்த்தினோம். ஜரிகை கழுத்தில் குத்த, அப்வார்ட் நேராக நின்றார்.

"இது குளிருக்குத்தானே?" என்று கேட்டார்.

"மரியாதைக்கு," என்றேன்.

"இரண்டும் சேர்ந்தால் குளிரையும் தாங்கும்," என்றார். இரண்டையும் கழற்றாமலே தேநீர் குடித்தார்.

ஒரு தகப்பன் மட்டும் அன்று வரவில்லை. விழா நடத்தியவர்களோடு சேரவே மாட்டேன் என்றவர். ஜனவரியில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"மூண்டாம் வகுப்பு இரண்டாவது கதவு, அண்ணை," என்றேன். தோளில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு, மகளோடு உள்ளே போனார்.