சார்ஜ் இல்லாத அத்தை

எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் எனக்கு வந்து வாய்த்தது ஹீலியம் அணு. இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான், சுற்றிலும் இரண்டு எலக்ட்ரான். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தாத்தா தி.நகரில் போட்ட பிளாஸ்டிக் சாமான் கடை எங்களுடையது என்பதால் பந்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வீட்டில் பேச்சுக்குத்தான். கடையின் பெயர்ப்பலகையை மாற்றுவதா வேண்டாமா என்று தொடங்கிய சண்டையில், அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி ஏழு மாதமாகியிருந்தது. கடையும் ஒன்று, மேற்கு மாம்பலத்து வீடும் ஒன்று, முகம் மட்டும் ஆளுக்கொரு திசை. நடுவில் தூது போனது அவர்களுடைய தங்கை, என் அத்தை.

பாடம் மண்டையில் ஏறட்டும் என்று அணுவுக்கு வீட்டு ஆட்களின் பெயரை வைத்தேன். அப்பாவும் பெரியப்பாவும் புரோட்டான்கள். காலையிலிருந்து ஓயாமல் சுற்றி ஓடுகிற அம்மாவும் பெரியம்மாவும் எலக்ட்ரான்கள். நியூட்ரான் இரண்டுமே அத்தைதான். இரண்டு பக்கமும் போகிறவள் அவள் ஒருத்திதானே.

“அத்தை, நீ நியூட்ரான். உனக்கு சார்ஜே கிடையாது.”

அத்தை தன் போனை எடுத்துப் பார்த்தாள். “ஏட்டி, அறுபது காட்டுதே.”

ஒரே மின்சுமை உள்ளவை ஒன்றையொன்று விலக்கும் என்று பாடத்தில் இருந்தது. அப்படியானால் இரண்டு புரோட்டானும் ஒரே கருவுக்குள் எப்படி இருக்கின்றன என்று டீச்சரைக் கேட்டேன். “அதெல்லாம் ப்ளஸ் டூல வரும், உக்காரு” என்றார்.

அத்தையிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவளுக்குப் பயங்கர மறதி. அடுப்படியில் சொன்னதை ஹாலுக்குப் போவதற்குள் மாற்றிவிடுவாள். கண்காட்சியன்று காலையும் அப்படித்தான். தெர்மோகோல் அட்டையில் ஒட்டிய என் அணுவைக் கொண்டுபோக ஸ்கூட்டர் வேண்டும், சாவியோ பெரியப்பாவிடம். அடுப்படியில் அப்பா சீறினார்: “சாவிய வச்சிட்டுப் போகச் சொல்லு. வண்டி என்ன அவரு அப்பன் வீட்டுச் சொத்தா?” இருவருக்கும் அப்பன் ஒருவர்தான் என்பது கோபத்தில் அவருக்கு மறந்துபோயிருக்கும்.

அத்தை ஹாலுக்குப் போனாள். “பெரியண்ணே, பிள்ளைய ஸ்கூல்ல விடணும்னு சின்னண்ணன் சாவி கேக்காவ. நீங்க சாப்பிட்டாச்சான்னும் கேட்டாவ.”

அன்று எல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்று எனக்கு. “அத்தை, தப்புத் தப்பா சொல்ற. அப்பா சாப்பிட்டாச்சான்னு கேக்கவே இல்ல. வண்டி அவரு அப்பன் வீட்டுச் சொத்தான்னுதான் கேட்டாரு.”

அத்தையின் முகம் சுண்டிப்போனது. வீடு இன்றோடு இரண்டாகிவிடும் என்று எனக்கே பயமாகிவிட்டது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதாட்டி? பொறந்ததுலேர்ந்து ஒருநாளும் அவன் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டது கிடையாது.” சாவியை அத்தையின் கையில் வைத்தார். “சாப்பிட்டேன்னு சொல்லு.”

அத்தை அடுப்படிக்குப் போய், அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்ற அப்பாவிடம், “அண்ணன் சாப்பிட்டாவளாம்” என்றாள். அப்பா “சரி” என்றார். தெரிந்துகொண்டே எதற்கு இந்த நாடகம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஸ்கூட்டரில் அத்தைதான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். மதிப்பெண் போட வந்தவர் என் அணுவைப் பார்த்துவிட்டு, “நியூட்ரானுக்கு என்னம்மா வேலை?” என்று கேட்டார்.

“எடை இருக்கும் சார். மத்தபடி ஒரு வேலையும் இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். டீச்சர் சொன்ன பாடம் ப்ளஸ் டூவில் வந்தது. நியூட்ரான் இல்லாமல் இரண்டு புரோட்டான்கள் ஒரு கருவில் தங்கவே தங்காதாம். வகுப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்காட்சியன்று நான் அந்தப் பதிலைச் சொன்னபோது, அட்டை சாய்ந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றது அத்தைதான்.