அம்மா பூட்டிவைத்த பட்டறை

மஞ்சள் கடுதாசி கொடுத்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள் என்று எங்கள் குடும்பம் நம்பியது. கடனைத் தீர்க்க வழியில்லை, நொடித்துப்போனேன் என்று கோர்ட்டில் மனுப் போடுவதைத்தான் காரைக்குடியில் அப்படிச் சொல்வார்கள். 1968இல் அந்தக் கடுதாசியைக் கொடுத்தவள் நான். நான் வியாபாரம் எதுவும் செய்து நொடிக்கவில்லை. படித்தேன். அந்தப் படிப்புக்கு வாங்கிய கடன் அது.

அப்பா காரைக்குடியின் செக்காலைப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் பட்டறை வைத்திருந்த பொற்கொல்லர். மதுரையில் நான் பி.ஏ.வும் பிறகு ஆசிரியர் பயிற்சியான பி.டி.யும் படிப்பதற்காக, வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குப் பதினெட்டு நிறைந்தபின் நோட்டைப் புதுப்பித்தபோது நானும் கையெழுத்திட்டேன். 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. பதினான்கு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். அப்படிப்பட்ட நகையை எங்கள் பக்கத்தில் யார் கேட்டு வருவார்கள்? அறுந்த கொலுசுகளைப் பற்றவைத்து இரண்டு வருடம் ஓட்டிய அப்பா 1965 ஐப்பசியில் காலமானார். கடன் என் தலையில் நின்றது.

தேவகோட்டையில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே போய்வந்தேன். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, கோர்ட்டில் டிகிரி வாங்கிச் சம்பளத்தில் பிடித்தம் போட்டார். பிடித்தது வட்டிக்கே சரியாக இருந்தது. ஆயுள் முழுவதும் உழைத்தாலும் தீராது என்று கணக்குப் பார்த்துச் சொன்ன வக்கீல்தான் மனுப் போடச் சொன்னார். வீட்டில் மறைத்துவைத்த பொருள் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டேன்.

கடன் கொடுத்தவர் அதை நம்பவில்லை. ஆட்சேபம் எழுதிப் போட்டதோடு நில்லாமல், ஒரு நாள் வாசலுக்கே வந்து தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். “பத்தர் வீட்டுல பொன் இல்லைன்னா, உப்பளத்துல உப்பு இல்லைன்னு சொல்றாப்ல இருக்கு, டீச்சர். எங்குட்டு வச்சிருக்கீகன்னு கோர்ட்டுல கேக்கத்தான் போறேன்.”

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அதே சந்தேகம் என் மனதிலும் இருந்தது.

அப்பா போன நாளிலிருந்து அம்மா பட்டறையைப் பூட்டியே வைத்திருந்தார். சாவி அவர் முந்தானையில் இருந்தது. வெள்ளிதோறும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார். கனமான எதையோ இழுக்கும் சத்தம் கேட்கும். அது என்ன என்று நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெற்றவளின் கைகளைத் திருடியின் கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். திருச்சியில் வேலை பார்த்த தம்பி அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வக்கீல் எதிராளியோடு பேசிச் சிரித்தால் அன்று உறக்கம் போயிற்று.

திங்கள்தோறும் பள்ளி விட்டதும் பேருந்து ஏறிக் காளையார்கோவில் போவேன். கடனிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்க வேண்டும் என்றே காளீசுவரரிடம் வேண்டிவந்தேன். 1969 கார்த்திகையில் ஒரு திங்கள், அந்த வேண்டுதல் வாயில் வரவில்லை. உள்ளே பொன் இருந்தால் நான் செய்த சத்தியம் பொய். தெரியாததுபோல் இருந்து விடுதலை வாங்கினால், நாளை எந்த முகத்தோடு இங்கே வந்து நிற்பேன்? உண்மை எதுவோ அது வெளியே வரட்டும், அதைச் சொல்லும் துணிவை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

அசரீரி எதுவும் கேட்கவில்லை. பூ விழவில்லை. ஆனால் கோபுர வாசலைத் தாண்டியபோது, இரண்டு வருடமாக நெஞ்சில் இருந்த நடுக்கம் என்னிடம் இல்லை. மறுநாள் வக்கீலிடம் போய், பூட்டிய அறையைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லப் போறீகளா? கேஸ் போயிரும். பெத்த தாயைக் கோர்ட்டுல ஏத்துவாக.”

“அங்க என்ன இருக்குன்னு தெரியாம சத்தியம் பண்ணிட்டேன் சார். எழுதிக் குடுத்திருங்க” என்றேன்.

அந்த வாரமே, என் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமித்த ரிசீவர் வந்தார். கடன் கொடுத்தவரும் வந்தார். சொன்னது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடி.”

உள்ளே நான்கு மூட்டைகள் இருந்தன. நான்கிலும் பட்டறையில் கூட்டிய தூசி.

பொற்கொல்லர் வீட்டில் பட்டறைக் குப்பையை வெளியே கொட்ட மாட்டார்கள். அரத்தால் அராவும்போது சிந்தும் பொன் அதில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மண்ணை அரித்துப் பொன் எடுப்பவர்களுக்கு விற்பார்கள். அப்பாவின் கடைசி இரண்டு வருடத் தூசியை அம்மா விற்கவேயில்லை. உலைச் சாம்பல், சுவர் இடுக்கில் சுரண்டியது என்று வெள்ளிதோறும் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மொத்தமாக விற்று என் நோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த இரண்டு வருடமும் பட்டறையில் தங்கமே புழங்கவில்லை என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கடன் கொடுத்தவரின் முகம் மலர்ந்தது. ரிசீவர் அரிப்பவர்களை வரவழைத்தார். கிணற்றடியில் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கடன் கொடுத்தவர் அரிக்கும் ஒவ்வொரு தட்டையும் பார்த்தார். உச்சிப்பொழுதில் நான்காவது மூட்டையும் தீர்ந்தது. கொஞ்சம் வெள்ளி அராவல் மிஞ்சியது. பொன் ஒரு குன்றிமணியில் பாதிகூட இல்லை.

அம்மா கலங்கல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கப்பா கையி சிந்தாத கையிடி” என்றார். பெருமையா துயரமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கடன் கொடுத்தவர் குடையை மடக்கினார். “அத அந்த அம்மாகிட்டயே குடுத்துருங்க” என்றார். ரிசீவர் அந்த வெள்ளியையும் பொன்னையும்கூடப் பட்டியலில் எழுதிக்கொண்டார். அடுத்த வாய்தாவில் ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டது. தானே முன்வந்து சொன்னவள் மறைத்தவள் அல்ல என்றார் நீதிபதி. 1970 சித்திரையில் கடனிலிருந்து என்னை விடுவித்து உத்தரவு வந்தது.

அன்றிலிருந்து நான் யாரையும் மறைந்து நின்று பார்ப்பதில்லை. கேட்க வேண்டியதை முகம் பார்த்துக் கேட்கிறேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குத் தலை வாரிவிட்டார்.

இதைப் படிக்கும் அடியார்களே, நம்பிக்கை முழுமையாக வந்தபின்தான் சந்நிதிக்குப் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் சந்தேகத்தைத்தான் எடுத்துப் போனேன். காளீசுவரர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

அம்மா 1976 தையில் மறைந்தார். தம்பி திருச்சியிலேயே குடும்பமாகிவிட்டான். செக்காலை வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.