கேட்டுக்கு எண்ணெய்

மண்ணூர்பேட்டையில் நான் குடியிருந்தபோது, எங்கள் தெருமுனையில் மூடிக் கிடந்த ஃபேக்டரிக்கு அவர்தான் வாட்ச்மேன். ஒல்லியான உடம்பு, தொளதொளத்த காக்கிச் சட்டை, எப்போதும் மழித்த முகம். உள்ளே ஆள் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. அவரோ வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பெரிய இரும்பு கேட்டின் கீல்களுக்கு எண்ணெய் விடுவார்.

புது ஆட்சி வந்திருந்தது. எங்கள் விரல்களில் ஓட்டுப் போட்ட மை இன்னும் அழியவில்லை. டீக்கடையில் ஒருவர் குடிதண்ணீர் வேண்டும் என்றார், இன்னொருவர் ரேஷனில் நல்ல அரிசி என்றார்.

"உனக்கு இன்னா வேணும், அண்ணாத்தே?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"இந்த கேட்டத் தொறந்து உட்டா போதும் நைனா. புது ஆளுங்க, கண்டிப்பா தொறப்பாங்கோ. மந்திரி வந்து நிக்கசொல்லோ இது கிரீச்சுன்னு கத்துனா அசிங்கமா இருக்காது?"

சில மாதங்களில் கேட் திறந்தது. மந்திரி வரவில்லை. மெஷின்களைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கியவரின் லாரிகள்தான் வந்தன. அன்றும் வாட்ச்மேன் முகம் மழித்திருந்தார். கேட்டைத் தள்ளித் திறந்து, கடைசி லாரி போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

அத்தனை பெரிய கேட் முனகக்கூட இல்லை. ஒரு தடவையாவது அது கத்தியிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.